கட்டுப் போடாத கால்

ரெமிஜியஸ் கட்டிலில் உட்கார்ந்து நல்ல முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். வலது கால். அவன் பேண்டேஜ் சுற்றுகிற நேர்த்தியைப் பார்த்தால் எந்த வார்டிலும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். கெட்டுப்போன இடது முழங்காலோ பன் மாதிரி உப்பிக்கொண்டு வெறுமனே நீட்டிக் கிடக்கிறது. எதிரணிக்காரன் கட்டைப் பார்த்துத்தான் மிதிப்பான். மிதிப்பவன் நல்ல காலை மிதித்துவிட்டுப் போகட்டும் என்பது அவன் கணக்கு.

"இந்த டிரிக் அவனுங்களுக்கும் தெரியாதா ரெமி?" என்று கேட்டாள் அவன் மனைவி லவினா.

"தெரியும். ஓடச்சொல்ல, அந்த நேரத்துல யாரு டி யோசிக்கிறா?"

அவனுக்கு முப்பத்திரண்டு வயது, கால்பந்தில் இடப்பக்க விங்கர். ஓடத் தொடங்கினால் அவனைப் பிடிக்க ஆளில்லை என்று அவன் பேட்டையான ஆஸ்டின் டவுனில் இன்றைக்கும் சொல்வார்கள். அவனைப் பிடித்து நிறுத்தியதெல்லாம் அவன் உடம்புதான். கொல்கத்தாவில் ஒரு கிளப் ஒப்பந்தம் போட்டது. முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே, பயிற்சியில் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. தேறி கோவாவுக்குப் போனான், தோளெலும்பு முறிந்தது. மாநில அணிக்குக் கூப்பிட்ட வாரத்தில், சும்மா இருக்க முடியாமல் தெருவில் விளையாடிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். அதே முழங்கால் இரண்டாம் முறை அறுந்தது மைதானத்தில்கூட இல்லை. கல்யாண வரவேற்பில் ஆடும்போது. அவனுடைய கல்யாணம்தான். லவினா வெள்ளை கவுனோடு ஆட்டோவில் ஏறி, மாப்பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நோயாளிகளில் இவன் தனி ரகம். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை யாராவது பார்த்தால் இரண்டு மடங்கு செய்வான். பார்க்காவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டான். முழங்காலுக்கு ஒத்தடம் வைக்க ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பொட்டலத்தை எடுப்பவன் திருப்பி வைக்க மறந்துவிடுவான். அந்தப் பட்டாணியைக் குருமாவில் போட லவினாவுக்கு மனம் வராது, குப்பையில் கொட்டவும் வராது. முழங்காலை 'அவன்' என்றுதான் சொல்வான். "அவன் இன்னிக்கு மூடுல இல்ல." வலிக்கிறதா என்று கேட்டால், "வலி கீது. ஆனா நல்ல வலி" என்பான். நல்ல வலி என்று ஒன்று இருப்பதாக எந்த மருத்துவரும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

சந்தாபுராவில் ஒரு பள்ளிக்கூடம் அவனைக் கால்பந்துப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். நிரந்தர வேலை. பிள்ளைகளோடு ஓடக்கூடியவர் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்னொரு முறை அறுந்தால் ஓட்டம் அவ்வளவுதான் என்று அறுவை செய்த டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்த நிலையில்தான் அவன் ஆடும் உள்ளூர் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி வந்தது.

"இதான் டி கடைசி மேட்ச்."

"போன மேட்சும் கடைசிதான்."

கடைசியில் ஒரு உடன்பாடு. அணியின் பிசியோ கிஷோர் காலைச் சோதிப்பான். அவன் வேண்டாம் என்றால் ரெமிஜியஸ் ஆட மாட்டான். வீங்கிய காலைத் தொட்டாலே சூடு தெரியும், கிஷோர் விட மாட்டான் என்று லவினா நம்பினாள்.

கிஷோர் அணிக்குப் புதியவன், படிப்பு முடித்த கையோடு வந்தவன். மைதானத்து ஓரத்தில் ரெமிஜியஸின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கட்டைப் பார்த்தான். பயபக்தியோடு அவிழ்த்தான். வலது முழங்காலை மடக்கினான், நீட்டினான், திருகினான்.

"சூப்பர் அண்ணா! அடிபட்ட கால்னே சொல்ல முடியாது!"

ரெமிஜியஸ் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காலை மட்டும் நீட்டிக்கொண்டு, அடக்கமாகச் சிரித்தான். நீளமான டிராக் பேன்ட் இடது முழங்காலை மூடியிருந்தது. வலப்பக்கத்தை மட்டும் தொடைவரை சுருட்டிவிட்டிருந்தான். கோச் கிளிஃபர்ட் முதுகில் தட்டினார்.

லவினா கேலரியிலிருந்து இறங்கி வந்தாள். "தம்பி, அந்தக் காலையும் பாரு."

"மேடம், அடிபட்ட காலைப் பாத்துட்டேன்."

"கட்டிக்கிட்டவ நானு. எந்தக் காலுன்னு எனக்குத் தெரியாதா?"

"இவ ஒரு டென்ஷன் பார்ட்டி, மச்சா" என்றான் ரெமிஜியஸ், கோச்சைப் பார்த்து. கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. "இன்னொரு பக்கத்தையும் தூக்குடா" என்றார்.

கிஷோர் இடது முழங்காலைப் பாதி மடக்குவதற்குள் ரெமிஜியஸ் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கிஷோர் கையை எடுத்துவிட்டு, செத்த முகத்தோடு கோச்சைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தான். ரெமிஜியஸின் இடத்தில் வேறொருவன் இறங்கினான்.

பெஞ்சில் ரெமிஜியஸ் பக்கத்தில் லவினா உட்கார்ந்தாள். அவன் தள்ளி உட்கார்ந்தான்.

"துரோகி."

"ஆமா. தண்ணி குடி."

இரண்டாம் பாதியிலும் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. யாரோ ஓங்கி உதைத்த பந்து கோட்டைத் தாண்டி, இரண்டு குதி குதித்து, நேராக அவனிடம் உருண்டு வந்தது. அவன் எழுந்தான். இடது கால் தானாகவே பின்னால் போய்விட்டது. "ரெமி" என்று லவினா வாயெடுத்தாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் தரைக்கு வந்தது. மடங்காத அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, சிரமப்பட்டுக் குனிந்து, இரண்டு கைகளாலும் பந்தை எடுத்து, ஓடி வந்த ஆட்டக்காரனிடம் கொடுத்தான்.