மாயவனுக்கு லேசான வேலை

களமருதூர் மாயவன் அந்தக் கூட்டத்துக்கு அந்நியன் இல்லை. கரும்பு வெட்டு மேஸ்திரி இளவரசனுக்கு அவன் அக்கா புருஷன். அதற்கும் முன்பே தாய்மாமன் மகன். கரும்பு வெட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு ஜோடி. அவன் பெண்டாட்டி கலையரசி வெட்டிக் கட்டுவாள். மாயவன் கட்டைத் தலையில் ஏற்றி, சாய்த்துப் போட்ட பலகை மேல் நடந்து லாரியில் அடுக்குவான். ஜோடி உடைந்தால் இடம் போய்விடும்.

டிபி வந்து, மாத்திரையெல்லாம் ஒழுங்காக முழுங்கி, சளியில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் அவனுக்குப் பழைய மூச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தே சொன்னார்: "நோய் போயிடுச்சு. அது தின்ன இடம் தழும்பாயிடுச்சு. பொகை, தூசி கிட்ட போவாதீங்க. இந்த மூச்சு மருந்துப் பம்ப விடாம இழுங்க."

அந்தப் பம்புதான் வினையானது. வயலில் அவன் அதை வாயில் வைத்து இழுத்த முதல் நாளே பக்கத்து ஜோடி தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தது.

"ஒடம்பு நல்லாயிட்டா மருந்து எதுக்குய்யா?" என்றாள் அந்த ஜோடியின் ராணியம்மாள்.

சாயங்காலம் கலையரசி சொன்னாள்: "ந்தா, அத வெளிய எடுக்காத. எடுத்தா நம்மளச் சேத்துக்க மாட்டாங்க."

அவன் எடுக்கவில்லை. இடுப்பில் ஒளித்துக்கொண்டு கட்டு தூக்கினான்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு வயலில், பாதிப் பலகையில் மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டான். கட்டு விழுந்து சிதறியது.

"இன்னா மாமா, நோவு இல்லன்னு சொல்லிக்கினு கெடந்தியே" என்றான் இளவரசன்.

"நோவு இல்ல மச்சான். மூச்சுதான் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான மாமா." யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் கலையரசிக்கு ஜோடியாக அவளுடைய தங்கை மகன் சுபாஷை விட்டான் மேஸ்திரி. அண்ணன் மகனைத் துரத்திவிட்டதாகத் தன் தாய் ஏசுவாளே என்று யோசித்து, மாமனுக்கும் பாசமாக ஒரு வேலை கண்டுபிடித்தான்.

"தூக்க வேணாம், வெட்ட வேணாம் மாமா. வெட்டி முடிச்ச வயல்ல சோகையக் கொளுத்திட்டு, நெருப்பு பக்கத்து வயலுக்குப் போவாம பாத்துக்கினு குந்து. லேசான வேல."

மாயவன் பெண்டாட்டியைப் பார்த்தான். டாக்டரம்மா சொன்னதை அவளும் கேட்டவள்தான். அவள் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"செய்யேன்" என்றாள்.

நன்றாகக் காய்ந்த சோகை, கரும்பின் இலைச் சருகு. ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது.

"மாமா, நெருப்பு வரப்பத் தாண்டுது பாரு" என்று லாரி மேலிருந்து குரல் வந்தது.

அவன் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு புகைக்குள் நடந்தான்.