மூக்கர் சொன்னால் சரிதான்

அந்த மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பைதான். ஆனால் வண்டியில் தீய்கிற வாடை என்று யாராவது வந்து நின்றால், பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தித்திப்பாக வந்தால் ரேடியேட்டர் ஒழுகுகிறது. சாக்கு கருகினால் கிளட்ச். பிளாஸ்டிக் பொசுங்கினால் ஒயர். அதற்கு மட்டும் வண்டியை ஓர் அங்குலம் நகர விடமாட்டார். முப்பது வருஷமாக அந்த மூக்குதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்ரோலும் பச்சைத்தண்ணீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூக்கர் இதைப் பற்றிப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. பட்டறையில் ஒரு தந்திரம் வைத்துக்கொண்டார். என்ன மாதிரி வாடை என்று வண்டிக்காரரையே முதலில் சொல்லச் சொல்வார். அவர் சொன்னதைக் கொஞ்ச நேரம் கழித்துத் தன் கண்டுபிடிப்பாகத் திருப்பிச் சொல்வார். வயசாக ஆக மனுஷனுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று தெருவே மெச்சியது.

அன்று காலை மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு வெளியூர் போகிற வழியில் பட்டறைக்கு வந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்றாள். இரண்டு நாளாகக் காருக்குள் ஏதோ தீய்கிறதாம், அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போகலாமாம். என்ன மாதிரி வாடை என்று கேட்க வாயெடுத்தார் மூக்கர். அதற்குள் மருமகன் முந்திக்கொண்டான். யாரும் எதுவும் சொல்லாதீர்கள், தாத்தா தானாகவே கண்டுபிடிப்பார் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் பெருமையடித்தான். பிள்ளைகள் வித்தை பார்க்கிற மாதிரி கண்ணை விரித்து நின்றன. அதற்கு மேல் கேட்க அவரால் முடியவில்லை. பாழாய்ப்போன கௌரவம்.

பானெட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து, இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத்தான் புகைக்குழாய் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் தெரிந்தது. சிந்திய எண்ணெய் சூட்டில் காய்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று துடைத்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டின. கார் போய்விட்டது.

கையசைத்துவிட்டுத் திரும்பிய பெண்டாட்டி சும்மா பேச்சுக்குச் சொன்னாள். "உள்ளே தலைய விட்டுப் பிள்ளைங்களக் கொஞ்சினேனா, போன வருஷம் நம்ம இஸ்திரிப்பெட்டி ஒயர் பொசுங்குச்சே, அதே வாடை. எனக்கென்ன தெரியும், நீங்கதான் பாத்துட்டீங்களே."

மூக்கர் மகளைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைதான் மகள் எடுத்தாள். வாடை முன்னைவிட அதிகம்தான், எண்ணெய்தானே என்று ஜன்னலை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"உடனே நிறுத்தும்மா. எல்லாரும் இறங்குங்க. அது ஒயர்."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது போலும், பக்கத்திலிருந்து மருமகன் சிரித்தான். "அங்கேயிருந்தே தெரியுதா மாமா? மூக்கு அவ்வளவு தூரம் நீளுமா? காலையில எண்ணெய்னு நீங்கதானே சொன்னீங்க." முப்பது வருஷமாக அவர் சொன்னால் சரி. இப்போது அவர் சொன்னதை அவரே மாற்றிச் சொன்னாலும் எடுபடவில்லை. வண்டி ஓடுகிற சத்தம் ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தன. கத்தினால் பயந்து போய் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துவிடுவானோ என்று கத்தவும் பயமாக இருந்தது. எதைச் சொன்னால் நிறுத்துவான் என்று யோசித்தார். ஒன்றுதான் இருந்தது.

"மாப்பிள்ளை, எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ஆறு மாசமா ஒரு வாடையும் தெரியல."

பெண்டாட்டி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். ஃபோனில் பிரேக் கிறீச்சிட்டது. கதவுகள் திறந்தன. சின்னது செருப்பு செருப்பு என்று அழுதது. "ஐயோ, புகை வருது, தள்ளிப் போங்க," என்று மருமகன் குரல் கேட்டது. அப்புறம் வெறும் காற்றுச் சத்தம். மூக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் திரும்ப ஃபோனுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"எல்லாரும் இறங்கிட்டோம்பா. தள்ளி நிக்கிறோம்." பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள். "அப்போ காலையில குனிஞ்சு என்னத்தைப்பா மோந்து பாத்தீங்க?"