செத்தவர்களை எழுப்பிய ஒரு மணிச் சங்கு

எங்கள் தேயிலை எஸ்டேட் மைதானத்தில் ஒருமுறை உலக விளையாட்டுப் போட்டி நடந்தது. கலர் கலராகக் கொடிகள் பறந்தன. குண்டு வெடித்து முப்பது பேர் செத்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. எல்லாம் சினிமாவுக்காகத்தான்.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் போட்டி நடக்கும்போது தீவிரவாதிகள் மைதானத்தைத் தாக்கும் கதை. ஐரோப்பா போக வக்கில்லாத படக்காரர்கள் மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் மைதானத்தைப் பார்த்தார்கள். பனிமூட்டம் இருக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, இது போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் படப்பிடிப்பில் அசல் வெளிநாட்டு வம்சம் என்று பார்த்தால் எதிர் மேட்டில் மேய்ந்த பண்ணை மாடுகள் மட்டும்தான். அவற்றை ஒரு ஷாட்டில்கூட எடுக்கவில்லை.

பிணமாகக் கிடக்க ஆள் வேண்டும் என்றார்கள். வேலையில் இருப்பவர்களை மேனேஜர் விடமாட்டார். அதனால் ரிட்டயரான கொழுந்துக்காரப் பெண்களைப் பிடிப்பது என்று ஆயிற்று. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நான்தான் லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கிப் பிணம் சேர்த்தேன்.

அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவளுக்கு ஒரே ஆசை, தன் முகம் படத்தில் வரவேண்டும். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். வேனை நிறுத்தி இறங்கும் டூரிஸ்ட்டுகளின் ஆயிரம் படங்களிலாவது அவள் இருப்பாள், குனிந்த முதுகும் சாக்குமாக. ஒன்றைக்கூட யாரும் அவளிடம் காட்டியதில்லை.

"ஏலே, சாகுறதுக்குள்ள ஒருக்கா என் மூஞ்சியப் பெருசாப் பாத்துரணும்" என்றாள்.

"செத்தாத்தானம்மா காட்டுவாங்க" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஷூட்டிங் அன்று எல்லோருக்கும் கோட்டு மாட்டி, தலையில் பொன்னிற விக் வைத்தார்கள். எங்கள் சர்ச் மாதர் சங்கம் மொத்தமும் ஒரு மணி நேரத்தில் வெள்ளைக்காரிகளாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே நம்பலாம், மேலே பார்த்தால் மாட்டிக்கொள்ளும். உதவி டைரக்டருக்கும் அது தெரிந்திருந்தது.

"எல்லாரும் கவுந்து கெடக்கணும். முகம் காட்டண்டா, கேட்டோ. நிங்ஙள் ஃபாரினர்ஸ் ஆணு" என்று பாதி மலையாளத்தில் சொன்னார்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன் சார், வெளிநாட்டுக்காரி ஒருத்தியாவது மல்லாந்து சாவ மாட்டாளா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி நின்றார்.

காலை முழுக்கக் கதாநாயகி பிணங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். டைரக்டருக்குத் திருப்தியே இல்லை. "பயம் வேணும், நிஜமான பயம்!" என்று மைக்கில் கத்தினார். அந்தப் பெண் கண்ணை உருட்டினாள், பல்லைக் கடித்தாள், ஒன்றும் தேறவில்லை. அதற்குள் அம்மா டேக்குக்கு டேக் அரை அங்குலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் அசைந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரிக்கை வந்தது. அப்புறம் மண்ணில் மூக்கை வைத்துக் கிடந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி குண்டு வெடித்தது, மறுபடி செத்தார்கள். கேமரா ஓடியது. அப்போது ஃபேக்டரியில் பகல் ஒரு மணிச் சங்கு ஊதியது. சோறு தின்றது போதும், மலைக்கு ஏறு என்று ஊதும் சங்கு. பிந்திப் போனால் சூப்பர்வைசர் கொழுந்து எடுக்க நிரை கொடுக்காமல் வீட்டுக்கு விரட்டிவிடுவார்.

முப்பது பிணங்களும் எழுந்துவிட்டன. விக் ஒரு பக்கம் சரிய, புல்லில் கையைத் துழாவிக் கொழுந்துச் சாக்கைத் தேடின. எல்லோருக்கும் முந்தி எழுந்தது என் அம்மா. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சர்ச் உபதேசியார், "செத்தவுகள எழுப்புற கடைசி எக்காளத்துக்குக்கூட இம்புட்டு வேகமா எந்திரிக்க மாட்டாக" என்றார். டைரக்டர் மட்டும் கட் சொல்லவே இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், சர்ச் ஹாலில் திரை கட்டிப் படம் போட்டோம். அம்மா பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குண்டு வெடித்தது, இசை நின்றது, பிணங்களுக்கு நடுவிலிருந்து அம்மா எழுந்தாள். திரை முழுக்க அவள் முகம், மூன்று விநாடி. வாய் திறந்து, கண் பிதுங்கி, உயிரே போகிற மாதிரி. ஹாலில் விசில் பறந்தது. தீவிரவாதத்தின் பயங்கரத்தை அந்த ஒரு முகம் சொல்லிவிட்டதாக இணையத்தில் ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். தீவிரவாதமாம், மண்ணாங்கட்டி! அது சூப்பர்வைசருக்குப் பயந்த முகம். அந்த மனிதர் நிஜமாகவே செத்து இரண்டு வருடமாகிறது. அம்மா ரிட்டயராகி நாலு வருடமாகிறது.

அம்மா கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "தெனமும் நான் இப்படித்தான் எந்திரிச்சேனாலே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அது பயம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் முகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலைச் சங்கு ஊதியபோது அம்மா கண்ணைத் திறந்துகொண்டு படுத்தே கிடந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"செத்துக் கெடக்கேன்லே. நீ போ" என்றாள்.

போர்வைக்கு வெளியே அவள் கால் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.