லோனி நான்காம் அதிகாரத்தில் நின்ற கதை

லோனி இப்போது லூக்கா நற்செய்தியில் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறாள். "இவர் நிதானமா எழுதுறார் அக்கா. மாற்கு மாதிரி ஓட்டமா ஓடல" என்று போன வாரம் என்னிடம் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. நற்செய்தி எழுதினவர்களையே எடைபோட இவள் யார் என்று கேட்கிறீர்களா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காய்ந்த திமிங்கல இறைச்சியைத் தலையில் சுமந்து மலையேறி, மலைக்காரர்களிடம் கொடுத்து மக்காச்சோளம் மாற்றி வருகிறவள். முழுப்பெயர் அப்போலோனியா. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான்.

எங்கள் தீவின் தெற்குக் கரையில் செப்டம்பர் என்றால் விவிலிய மாதம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுவை அன்பியம் என்போம்; அன்பியம் அன்பியமாக வீடுகளில் கூடிப் படிக்க வேண்டும். லோனி படிக்கத் தொடங்கின வருஷம் பங்குச் சாமியார் மாற்கு நற்செய்தியைக் கொடுத்தார். நாலே வாரத்தில் பதினாறு அதிகாரத்தையும் முடித்தோம். அவித்த மரவள்ளியையும் கறுப்புக் காப்பியையும் காலி செய்துவிட்டு எல்லாரும் எழுந்துகொண்டோம். லோனி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னடி, இன்னும் காப்பி வேணுமா?" என்றேன்.

"நாம எங்க அக்கா படிச்சோம்? ஓடித்தானே வந்தோம்" என்றாள்.

அக்டோபர் முதல் தேதி ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினாள். மாசத்துக்கு ஒரு அதிகாரம். தினமும் விடிந்ததும் அதே அதிகாரத்தை வாய்விட்டுப் படிப்பாள். தோன்றுகிற கேள்வியை நோட்டில் எழுதுவாள். கேள்வி மட்டும்தான். பதிலை எங்கே எழுதுவாய் என்று கேட்டேன். "பதில் தெரிஞ்சா நான் எதுக்குப் படிக்கிறேன்?" என்று என்னையே மடக்கினாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

கேள்விகள் எப்படிப்பட்டவை தெரியுமா? முதல் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் அப்பா செபெதேயுவைப் படகிலேயே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போகிறார்கள் அல்லவா, அங்கே எழுதியிருந்தாள்: 'அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனார்களா?' இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்து நோயாளியை உள்ளே இறக்குகிறார்கள். 'கூரையை மறுபடி வேய்ந்து கொடுத்தது யார்?' மூன்றாம் அதிகாரத்தில் மாதாவும் சொந்தக்காரர்களும் வந்து வெளியே நிற்கிறார்கள். 'சாப்பிட்டுவிட்டுத்தானே திரும்பிப் போனார்கள்?' சாமியார் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். பிறகு இரண்டு நாள் யோசனையாகவே நடந்தார். அடுத்த ஞாயிறு பூசையில் அந்தக் கூரைக் கேள்வியை அவரே எங்களிடம் கேட்டார்.

ஜனவரியில் லோனி நான்காம் அதிகாரத்துக்கு வந்தாள். அங்கே மாட்டிக்கொண்டாள்.

அது புயல் வருகிற அதிகாரம். அதைச் சொல்வதற்கு முன்னால் லோனியின் புருஷனைச் சொல்ல வேண்டும். லாம்பெர்துஸ் ஈட்டிக்காரன். படகின் மூக்கில் நின்று, ஈட்டியோடு திமிங்கலத்தின் முதுகிலேயே குதிக்கிறவன். அப்போதைக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாசம் அப்படித்தான் குதித்தான். ஈட்டிக் கயிறு காலில் சுற்றிக்கொண்டது. திமிங்கலம் ஆழத்துக்குப் போனது, அவனும் கூடப் போனான். அடக்கம் பண்ண உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்க் கணக்கில் கடல் சும்மா ஆளை எடுக்காது. கரையில் யார் வீட்டிலோ ஒரு மனக்கசப்பு இருந்திருக்கும், அது படகோடு போயிருக்கும். அதனால் சாவு விழுந்தால் பெரியவர்கள் முதலில் ஈட்டிக்காரன் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். அந்தப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் என் வீட்டுக்காரர் அன்செல்ம். அவர்தான் போய்க் கேட்டார்.

"காலையில வீட்டுல ஏதாவது பேச்சு நடந்துச்சா?"

லோனி இல்லை என்றாள்.

அடுத்து லாம்பெர்துஸின் தம்பி காசிமிரைக் கேட்டார்கள். அவன் அதே படகில் மூன்றாம் துடுப்பு. அதற்கு முந்தின வாரம்தான் வால் இறைச்சிப் பங்குக்காக அண்ணனோடு கத்தியிருந்தான், ஊரே கேட்டது. "அதை மனசுல வச்சுக்கிட்டா படகுல ஏறினே?" என்று கேட்டபோது காசிமிர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதுவே போதுமானதாக இருந்தது. துடுப்பை வாங்கிக்கொண்டார்கள்.

கடலில் இறங்காத ஆணுக்கு எங்கள் ஊரில் என்ன மரியாதை? காசிமிர் மலைச்சரிவில் குடிசை போட்டுக்கொண்டு, நாலு ஆடு மேய்த்து, கள் இறக்கிப் பிழைத்தான். கல்யாணத்துக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. திமிங்கலத்தைப் பார்த்துக் கரையில் கூவல் எழுந்தால் ஊர் ஆண்கள் எல்லாரும் கடலுக்கு ஓடுவார்கள். அவன் சரிவின் ஓரத்தில் வந்து நின்று பார்ப்பான். நின்னு பாருடா, நல்லா வேணும் என்று நானே எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். என் மனசு அப்போது அப்படித்தான் இருந்தது.

சரி, நான்காம் அதிகாரம். அலை படகுக்குள்ளேயே விழுகிறது. இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் கத்தி எழுப்புகிறார்கள். இதைப் படித்ததும் லோனி நேராக என் அடுப்படிக்கு வந்தாள்.

"திகா அக்கா, இந்தப் பன்னிரண்டு பேர்ல யார் வீட்டுல சண்டை?"

எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன். அன்பியத்தில் இதைப் போட்டு அலசினோம். பாதிப் பேர் செபெதேயுவின் பிள்ளைகள்மேல் பழி போட்டார்கள்: அப்பா மனசு நோக விட்டுவிட்டு வந்தவர்கள், புயல் வராமல் என்ன செய்யும்? மீதிப் பேர் சீமோனைப் பிடித்துக்கொண்டார்கள்: காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்த மாமியாரை வேலை வாங்கிவிட்டு ஊர் சுற்றப் போனவன். என் வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார். "சுக்கான் பக்கம் உக்காந்துக்கிட்டு தூங்கினவரை நான் முதல்ல விசாரிப்பேன்." சாமியார் மலைநாட்டு மனுஷன். எங்கள் வாதம் ஒன்றும் புரியாமல், காப்பி ஆறுகிற வரைக்கும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி வந்தது, மார்ச் வந்தது. லோனி ஐந்தாம் அதிகாரத்துக்குப் போகவில்லை. கேட்டால், "குத்தவாளி கிடைக்கல அக்கா" என்றாள். மேற்குக் காற்றுக்காலம், படகுகள் கொட்டகையில், ஆண்கள் வீட்டில், எங்களுக்கு வேலை இரண்டு மடங்கு. ஆனாலும் தினமும் விடிகாலையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே புயல், அதே கூச்சல், அதே அதட்டல். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை. மூன்று நாளாக அடித்த காற்று சட்டென்று நின்றிருந்தது. நான் மக்காச்சோளம் வறுத்துக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தேன். லோனி வந்து நின்றாள். முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்திவிட்டேன்.

"அவர் கேக்கவே இல்ல அக்கா."

"யாருடி?"

"இயேசு. எழுந்தார். காத்தை அதட்டினார். கடல் அடங்கிருச்சு. அப்புறமாவது கேட்டிருக்கலாமே, யாருடா சண்டை போட்டுட்டு வந்ததுன்னு? கேக்கல. ஏன் பயப்படுறீங்கன்னு மட்டும்தான் கேட்டார்."

நாலு மாசமாக நானும் காதால் கேட்ட வரிகள்தானே? ஊர் கூடி உட்கார்ந்து குற்றவாளியைத் தேடினோம். அந்தப் படகில் கடலுக்கே சொந்தக்காரராக இருந்தவர் தேடவில்லை. எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து யாருக்காவது இது கண்ணில் பட்டதா? மாமிசம் சுமக்கிற இவள் கண்ணில் பட்டிருக்கிறது. கும்பிடலாம்போல இருந்தது எனக்கு.

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"எனக்குப் பயம்தான் அக்கா, பதினோரு வருஷமா. அன்னைக்குக் காலையில எங்களுக்குச் சண்டை. மக இமெல்டா புதுநன்மை வாங்குற நாளுக்குன்னு நான் வளர்த்த பன்றியை, என்னை ஒரு வார்த்தை கேக்காம, அவங்க வகையறா விருந்துக்குத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்தார். ஆத்திரத்துல சொல்லிட்டேன். போ, கடல்தானே உனக்குப் பெருசு, அங்கேயே கிடன்னு. அங்கேயே கிடக்கிறார்."

"அப்போ காசிமிர்?"

"நான் இல்லன்னு சொன்னதாலதானே அவன்கிட்ட போனாங்க."

எனக்கு வந்த கோபத்தில் நல்லா ஏசினேன். கல்நெஞ்சுக்காரி என்றேன். ஏசி முடித்ததும் பயம் வந்தது. "சரி, இப்ப எதுக்கு இதை எடுக்கிறே? இமெல்டா புருஷன் பெனிக்கு இந்த வருஷம்தான் ஈட்டி கொடுக்கப் போறாங்க. மாமியார் வீட்டுக் கறைன்னு சொல்லி அவன் கையில இருந்து பிடுங்கிட்டா? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாயை மூடிக்கோ."

"அவர்கிட்ட சொன்னா எனக்கு மன்னிப்புக் கிடைக்கும் அக்கா. காசிமிருக்குத் துடுப்புக் கிடைக்குமா?"

மே முதல் தேதி கடற்கரைப் பூசையோடு கடல் திறக்கும், வேட்டை தொடங்கும். அதற்கு முதல் நாள் படகுக் கொட்டகையில் எல்லாரும் கூடி, மனசில் இருப்பதைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அன்று பெண்களும் போகலாம். லோனி காலையிலேயே மலைச்சரிவுக்குப் போய்க் காசிமிரை வரச் சொல்லியிருந்தாள். அவன் வந்தான், ஆனால் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. வெளியே மணலில் நின்றான்.

அன்செல்ம் வழக்கம்போலக் கேட்டார். "யாருக்கு யார்மேல என்ன குறை? கரையிலேயே இறக்கி வச்சிருங்க."

லோனி எழுந்தாள். நாலு பேர் முன்னால் பேசுகிற பழக்கம் அவளுக்கு உண்டுதான். ஆனாலும் அன்றைக்குப் புடவை முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். பன்றியைச் சொன்னாள். அங்கேயே கிட என்றதைச் சொன்னாள்.

"அதனாலதான் அவர் செத்தாரான்னு எனக்குத் தெரியாது. இல்லன்னுதான் இப்ப நினைக்கிறேன். காத்தை அடக்கினவரே அந்தக் கேள்வியைக் கேக்கல. ஆனா நீங்க கேட்டீங்க, நான் பயந்துக்கிட்டு இல்லன்னு பொய் சொன்னேன். என் பொய்யைத் தூக்கிக்கிட்டு என் கொழுந்தன் பதினோரு வருஷம் வெளிய நிக்கிறான்."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார், "அப்போ இந்த வீட்டு மருமகன் ஈட்டி எடுக்கலாமா?" நான் பயந்தது அப்படியே நடந்தது. இமெல்டா அழ ஆரம்பித்தாள். பெனி எழுந்து நின்றான்.

"எடுக்கக் கூடாதுன்னா எடுக்கல. அத்தை, நீங்க உக்காராதீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிங்க."

அப்போதுதான் வெளியே மணலிலிருந்து காசிமிரின் குரல் கேட்டது. "சொல்ல வேண்டாம் அண்ணி. எனக்குத் தெரியும்."

எல்லாத் தலையும் திரும்பியது. அன்செல்ம், "என்னடா தெரியும்?" என்றார்.

"பன்றிச் சண்டை. படகுல போகும்போதே அண்ணன் சொன்னான்."

நான் ஒருமுறை சின்னப் படகில் போகும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திமிங்கலம் எழுந்தது. அந்த நேரத்தில் யாரும் கத்தமாட்டார்கள்; மூச்சுகூட விடத் தோன்றாது. கொட்டகை அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

"தெரிஞ்சுமாடா வாயைத் திறக்கல?" என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"திறந்திருந்தா அண்ணியை விசாரிச்சிருப்பீங்க. இமெல்டாவுக்கு அப்போ ஒன்பது வயசு. இந்தப் பேரோட அந்தப் பிள்ளை எப்படி வளரும்? நான் ஒத்தை ஆளு. என்னைக் கேட்டீங்க, சரி, என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள் லோனி.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க என் முகத்துல முழிப்பீங்களா?"

அன்செல்ம் எழுந்து வெளியே போனார். முப்பது வருஷமாக ஊரை விசாரித்த மனுஷன், காசிமிரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து மூன்றாம் துடுப்பின் இடத்தில் உட்காரவைத்தார். "நாளைக்கு நீ இங்கதான். பெனி ஈட்டி எடுப்பான். இதுக்கு மேல யாரையும் கேள்வி கேக்க எனக்கு வாய் இல்ல" என்றார். பின்னாலிருந்த கிழவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் அழுதார்கள். நான் உட்பட.

அந்த இரைச்சலில் லோனி காசிமிரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் கேட்டது எனக்கு மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்.

"சண்டையைச் சொன்னப்போ அவர் முகம் எப்படி இருந்துச்சு தம்பி?"

காசிமிர் அவளைப் பார்த்தான். "சிரிச்சான் அண்ணி. அவ சொன்னதுதான் நியாயம், பன்றி அவளோடது, சாயங்காலம் கரைக்குப் போனதும் முதல்ல அதைச் சொல்லணும்னான்."