கருவிப் பையில் வந்து தங்கிய தேனீக்கள்

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. மாடிக் கட்டடங்கள் பத்தொன்பது அவர் பொறுப்பில் இருந்தன. அவர் குடியிருந்ததோ தரைத்தள வீட்டில். எதற்கும் பதறாத மனிதர். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கத்தும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "சாப்பிட்டாச்சா?" என்று நிதானமாக விசாரிப்பார். கொட்டுகிற பூச்சி ஒன்றுக்குத்தான் பயம். ஒன்பது வயதில் குளவி கொட்டி, இரண்டு கண்ணும் வீங்கி மூடி, மூன்று நாள் சுவரைத் தடவி நடந்தவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணிக்கு, துணி காயப்போடப் போன மனைவி போன வேகத்தில் திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார். வாசலில் நின்ற ஸ்கூட்டரைச் சுற்றிப் புகை மாதிரி ஏதோ சுழன்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கி, ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கிய கருவிப் பையின் மேல் அப்பிக்கொண்டது. பத்து நிமிடத்தில் பை இருந்த இடமே தெரியவில்லை. நடுத்தரப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு தேனீக் கூட்டம், மெல்ல அசைந்தபடி தொங்கியது.

"ஞாயித்துக்கிழமைதானே, எங்கே போகப்போறோம்? அதுவாக் கிளம்பிப் போயிடும்" என்றார் லிஃப்ட்காரர். சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

இரண்டு தெரு தள்ளியிருந்த எட்டு மாடிக் கட்டடத்தின் காவலாளி பேசினார். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஐந்தாவது மாடிக் கணவனும் மனைவியும். கணவருக்குச் சிறுநீரகம் பழுது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் படுத்தாக வேண்டும்.

நடந்தே போய்விடலாம். ஆனால் வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற முக்கோணச் சாவி பையின் பக்கவாட்டு அறையில் இருந்தது. இன்னொரு சாவி வைத்திருந்த சக மெக்கானிக் விடுப்பில் வெளியூர் போயிருந்தார்.

அடுத்த வீட்டுக்காரர் பூச்சி மருந்து டப்பாவோடு வந்தார். மனைவி அவரைத் தடுத்து, தன் தம்பிக்குப் போன் போட்டு, அதைக் கணவர் கையில் திணித்தார். தம்பி பூச்செடிப் பண்ணையில் வேலை பார்க்கிறவன்; அங்கே எட்டுத் தேனீப் பெட்டிகளை வைத்துப் பராமரிக்கிறவன். லிஃப்ட்காரரின் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏதோ வாக்குவாதத்தில் அவன் அவரைப் பார்த்து "நீங்க வெளியாள், இதுல பேசாதீங்க" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து இரண்டு வருடமாக மாமனும் மச்சினனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இப்போது வேறு வழியில்லை. லிஃப்ட்காரர் விஷயத்தை மட்டும் சொன்னார்.

"கொட்டாதுன்னு சொல்ல மாட்டேன் மாமா. ஆனா கொட்டற நிலைமையில இருக்காது. வீடு மாத்திக்கிட்டுப் போற வழியில உட்கார்ந்திருக்கு, வயிறு நிறையத் தேன் குடிச்சிருக்கும். காக்கறதுக்குக் கூடும் இல்ல, குஞ்சும் இல்ல. நசுக்கினாத்தான் வம்பு. மூச்சு மேல படாம முகத்தைத் திருப்பிக்கிட்டு, மெதுவாக் கைய விடுங்க. நான் பெட்டியோட வந்துடறேன்."

லிஃப்ட்காரர் முழுக்கைச் சட்டை போட்டு, மனைவியின் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். மூன்று முறை கையை நீட்டி மூன்று முறையும் இழுத்துக்கொண்டார். நான்காவது முறை விரல் உள்ளே போனது. வெதுவெதுப்பாக இருந்ததாம். தேனீக்கள் விரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி விரல் மேலேயே நடந்தனவாம். ஜிப்பைத் தடவிக் கண்டுபிடித்து இழுக்கும்போது ஒன்று நசுங்கியது. கட்டைவிரல் அடியில் சுருக்கென்று கொட்டியது. கையை உதறியிருந்தால் கதையே வேறு. அவர் உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சாவியோடு கையை மெல்ல வெளியே எடுத்தார்.

கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை மூன்றாவது மாடிக்கு இறக்கினார். வீங்கிய கையால் சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினார். கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வெளியே அடியெடுத்து வைத்த மனைவி, லிஃப்ட்காரரின் காலரைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய் மூலையில் ஒட்டிக்கொண்டார். காலரில் ஒரு தேனீ.

"முக்கா மணி நேரமா வெளிய விடுங்கன்னு கத்தினே, இப்ப வழி விட்டா உள்ள ஓடறியே" என்றார் கணவர். சொல்லிவிட்டு அவரே எழுந்து, கைக்குட்டையால் தேனீயைப் பொத்தி ஜன்னல் வழியே விட்டார். வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அரை மணி தாமதம். அவர் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு மணிக்கு இன்னொன்று கிடைத்தது.

லிஃப்ட்காரர் வீடு திரும்பியபோது மச்சினன் ஸ்கூட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பையை ஒரே உதறாக உதறிக் கூட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டிருந்தான். மிச்சமிருந்தவை வரிசையாகப் பெட்டி வாசலுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தன. வெளியே சுற்றுகிறதெல்லாம் வந்து அடைய வேண்டும், பொழுது சாய்ந்தால்தான் பெட்டியைத் தூக்க முடியும் என்றான். அதனால் மத்தியானம் முழுக்க இருவரும் வாசலிலேயே உட்கார வேண்டியதாயிற்று. மனைவி இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

"அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்றான் மச்சினன், பெட்டியைப் பார்த்தபடியே.

லிஃப்ட்காரர் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி விடு. இது எப்போ வத்தும்?"

"ரெண்டு நாள்ல வத்திடும்."

இருட்டும்போது பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்ற லிஃப்ட்காரரும் ஒரு பக்கம் பிடித்தார்.

மறுநாள் கம்பெனியில் தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார். தேனீ கீனீ என்றால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள், வேறு மாதிரி எழுதுங்கள் என்றார். லிஃப்ட்காரர் நின்றபடியே கொஞ்சம் யோசித்து, 'சாவியை எடுப்பதில் தாமதம்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.