வந்துட்டேன்

ராணுவத்தில் சேரும் முன் என் அண்ணன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். அங்கே அவனுக்கு அரைமணி என்று பெயர். யார் கூப்பிட்டாலும் வண்டிக்கு அடியிலிருந்தே "இதோ வந்துட்டேன்" என்பான். ஆள் வெளியே வர அரைமணி ஆகும். வீட்டிலும் அதே கதைதான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், குளியலறையிலிருந்து குரல் மட்டும் வரும். "குரலுக்கே பரிமாறிடவா?" என்பாள் அம்மா.

அவன் இறந்து இரண்டு மாதம் கழித்து, அவன் படைப்பிரிவின் வயர்லெஸ்காரர் வந்தார். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

காய்ந்த வாய்க்காலில் அடிபட்ட மூன்று பேர் கிடந்தார்களாம். அங்கிருந்து இடிந்த சுவர்வரை வெட்டவெளி. ஒவ்வொருவராகத் தூக்கிவர அண்ணன் போய்வரும்போதெல்லாம், எதிரி தலைதூக்காதபடி மொட்டைமாடியிலிருந்து மற்ற வீரர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். புகையில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆளைச் சுவருக்குப் பின்னால் சேர்த்ததும் அண்ணன் வயர்லெஸ்ஸில் "வந்துட்டேன்" என்பான். தோட்டா குறைவு; கீழறையில் இருந்த இவர் உடனே சுடுவதை நிறுத்தச் சொல்வார்.

இரண்டு பேர் அப்படி வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது ஆள், கால் போனவர், தன்னை விட்டுவிட்டார்கள் என்று கத்த ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் ஓடிக்கொண்டே அவருக்குக் குரல் கொடுத்தான்: "வந்துட்டேன்டா, வந்துட்டேன்." வயர்லெஸ் திறந்திருந்ததால் அது இவர் காதிலும் விழுந்தது. இவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

துப்பாக்கிகள் ஓய்ந்ததும் அவனுக்குப் புரிந்திருக்கும். திரும்பியிருக்கலாம்; சுவர் பக்கத்தில்தான் இருந்தது. அவன் வாய்க்காலுக்குப் போனான். இவர் தவறை உணர்ந்து மறுபடி சுடச் சொல்வதற்குள் மூன்று குண்டு வாங்கியிருந்தான். தூக்கிவந்தவரைச் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெளிப்பக்கமே விழுந்தான். அவர் பிழைத்துவிட்டார்.

வயர்லெஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. நான்தானே கொன்னேன்?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆமாம் என்றால் இந்த மனிதர் வீடு போய்ச் சேரமாட்டார் என்று தோன்றியது. அம்மாதான் பேசினாள்.

"அவன் எப்பவும் அப்படித்தான்ப்பா. வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன்னு சொல்லிடுவான். இத்தனை வருஷம் பெத்தவ நானே ஏமாந்திருக்கேன், நீ எந்த மூலைக்கு? தண்ணியைக் குடி."

அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

அவர் போன பிறகு வாசல் கதவு திறந்தே கிடந்தது. தாழ்போட எழுந்தேன்.

"விடு," என்றாள் அம்மா. "அரைமணி ஆகட்டும்."