சுட்டிக்காரன் எந்தப் பக்கம்?

கனகா வாரத்தில் ஆறு நாள் மைசூரில் ஒரு கடையில் டிராக்டர் விற்கிறார். "மாடு சும்மா நின்னாலும் தின்னும். இது நிக்கறப்போ ஒண்ணும் கேக்காதுங்" என்று அவர் சொன்னால், யோசித்துக்கொண்டு வந்த விவசாயியும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஏழாம் நாள் கனகா மாடு பூட்டி ஏர் ஓட்டுவார். இதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. கால்வாய்க்கு அப்பால் இருக்கும் அவருடைய ஒன்றரை ஏக்கருக்கு டிராக்டர் போக வேண்டுமானால் பக்கத்து வயல் லிங்கம்மாவின் கரும்பு மேல்தான் போக வேண்டும். லிங்கம்மா அதற்குச் சம்மதிக்கும் ரகம் அல்ல.

இந்த ஆடியில் சொந்தமாகவே ஒரு ஜோடி வாங்கினார். பிறந்த ஊரான ராமாபுரத்தில் ஜடையன் வளர்த்த ஹள்ளிகார் இன மாடுகள். அவர் அனுப்பிய செல்போன் வீடியோவைப் பார்த்தே பேசி முடித்தாகிவிட்டது. ஏர் மாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. சின்ன வயதில் பழகிய பக்கத்தைக் கடைசிவரை விடாது. கனகாவுக்கு அது தெரியும். வீடியோவைப் பலமுறை பார்த்து, எதிரிலிருந்து பார்ப்பதால் இடம் வலம் மாறும் என்பதையும் யோசித்து, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளவன் வலது என்று தாளில் எழுதி வைத்தார். ஜடையனிடம் கேட்டிருக்கலாம். படித்தவர்கள் கேட்பதில்லை.

சனிக்கிழமை மாடுகள் வந்து இறங்கின, மழையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உழுது ராகி தெளிக்காவிட்டால் ஈரம் போய்விடும். அடுத்த ஞாயிறுவரை மண் காத்திருக்காது.

காலையில் பூட்டினார். இரண்டும் தோளால் தள்ளிக்கொண்டு, மணவறையில் இடம் மாறி உட்கார்ந்த பெண்ணும் மாப்பிள்ளையும்போல விழித்தன. தட்டினால் ஆளுக்கொரு திசை.

தசரா நெரிசலில்கூட அசராமல் பஸ் ஓட்டும் கணவர் கணேசன், மாடுகளிடமிருந்து பத்தடி தள்ளி நின்று ஆலோசனை சொன்னார்.

"ரிவர்ஸ் எடுத்துப் பாரேன், கனகா."

"ஏனுங், வந்து புடிக்கறீங்களா, இல்ல பேசாம நிக்கறீங்களா?"

"நிக்கறேன், நிக்கறேன். களிக்கு ராகி மாவு கடையில கிடைக்குது, கோவிச்சுக்காத."

கனகா ஜடையனுக்குப் போன் போட்டார். அவர் போனை அணைத்து வைத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கனகா வரப்பில் உட்கார்ந்து மறுபடி வீடியோவைப் பார்த்தார். மாடுகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற ஜடையனின் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது.

"எந்த டைலருங்க வலப்பக்கம் பை வெக்கறான்?"

கணேசன் தன் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடடே, செல்ஃபி! கண்ணாடி மாதிரி எல்லாமே மாறித் தெரியும்!" என்றார்.

கனகா அவிழ்த்து மாற்றிப் பூட்டினார். சுட்டிக்காரன் இடப்பக்கம் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். இரண்டும் யாரும் சொல்லாமலே நடந்தன. முதல் சால் நேராகப் போய்த் திரும்பியபோது கனகா சத்தமாகச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் உழுது, ராகி தெளித்து, விதையை மண் மூடப் பரம்புப் பலகையும் ஓட்டியாயிற்று.

கணேசன் துணிந்து மூன்றடி வரை நெருங்கி, மனைவியோடும் மாடுகளோடும் சேர்ந்து படமெடுக்கப் போனைத் தன் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"செல்ஃபியெல்லாம் வேண்டாம். இந்தப் பக்கம் வந்து நின்னு எடுங்க."

"அப்போ நான் படத்துல இருக்கமாட்டேனே?"

"மாடு சரியா இருக்குமில்லீங்க" என்றார் கனகா.